புஸ்பராணி அக்கா வெட்டிய பன்னிரண்டு துண்டுகள்

1987 இல் கனடாவின் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் பை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நானும் புஸ்பராணி அக்காவும் ஒரே சிஃப்ற். வேலை போய்விடுமோ என்று எந்நேரமும் பயந்தது நான். மட்டக்களப்பில் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பதினொரு வருசம் இருந்த அக்கா பயப்பட்டு நான் பார்த்ததில்லை. வேலை நிரந்தரமாகுமா என்று பார்க்கும் அவருடைய மூன்று மாதத் தவணை முடிய நாலே நாள் இருந்தது.

பை செய்யும் பிளாஸ்ரிக் தாளான பிலிமின் தடிப்பை அளப்பது அவர் வேலை. உருகிய பிளாஸ்ரிக் பெரிய குழாய்போல ஊதி எழும்பி, குளிர்ந்து, தட்டையாகி ரோலில் சுற்றும். ஒரு துண்டை மைக்ரோமீற்றர் கருவிக்குள் வைத்து மெல்லத் திருகினால் ஐம்பது மைக்ரோன் காட்டவேண்டும். கூட இறுக்கினால் பிலிம் நசிந்து பொய்க்கணக்கு வரும்.

அந்தத் திங்கள் ஐஸ் பைகள் கிழிகின்றன என்று பத்து ரோல் திரும்பி வந்தது. அக்காவின் கொப்பியிலோ எல்லாம் ஐம்பது.

"வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல். இல்லையென்றால் வேறு ஆள்" என்றார் போர்மன்.

மெசின்காரன் ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தான். "அக்கா, தவளை வெட்டின கை பிளாஸ்ரிக் அளக்குமே?"

"தவளை அசையும் மனே. இது சும்மாதானே கிடக்கு." மகனே என்பதை அக்கா அப்படித்தான் சொல்வார்.

திரும்பி வந்த ரோலில் குழாயின் முழுச் சுற்றளவுக்கும் ஒரு பட்டி வெட்டி நிறுத்தார். நிறை சரி. இனிக் காரணம் கிடைக்காது என்று நான் நினைத்தேன். அவரோ பட்டியைப் பன்னிரண்டாக வெட்டி ஒவ்வொன்றாக அளந்தார். ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து, ஐம்பது, நாற்பத்துமூன்று! ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. சராசரி மட்டும் ஐம்பது.

அக்கா தன் கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "சூட்டுக்குள்ளை ஏன் வாறியள் அக்கா?" என்று ஸ்ரீஸ்கந்தராசாதான் தினமும் துண்டு வெட்டிக் கொண்டுவருவான், தன் கைக்கு எட்டும் அதே பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் மட்டும் எப்போதும் சரியாக ஐம்பது. அக்காவும் அந்த மரியாதையைத் தட்டாமல் வாங்கி அளந்திருக்கிறார்.

"மெசின் பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ. துண்டுக் கதை வேண்டாம்" என்றேன்.

"அளந்தது நான்தானே?"

அக்கா போர்மனிடம் மெசின் பிழை, தன் பிழை இரண்டையும் சொன்னார். போர்மன் மூன்று துண்டைத் தானே அளந்து பார்த்தார்.

"ஒவ்வொரு ரோலுக்கும் இப்படிச் செய்ய எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிசம். ஆனால் என் மேசை மெசினுக்குப் பக்கத்தில் வரவேணும்."

போர்மன் என்னையும் ஸ்ரீஸ்கந்தராசாவையும் பார்த்து, தூக்கச் சொல்லி மேசையைக் காட்டினார். அக்காவின் வேலையை நிரந்தரமாக்கும் வெள்ளிக்கிழமைத் தாளில் அன்றைக்கே கையெழுத்தும் வைத்தார்.

"இரும்பு மேசை அக்கா, நாரி முறியுது" என்றான் மறுமுனையைத் தூக்கிய ஸ்ரீஸ்கந்தராசா, இடுப்பை நெளித்து.

"இன்னும் ரெண்டடி, மனே."