டிராகன் கையால் முதல் போணி

மீமிசல் மீன் சந்தையில் வெயில் ஏறுகிறது. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கும் இன்னும் போணி ஆகவில்லை.

முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட இளைஞன் ஒருவன் வருகிறான். வலது முன்கை முழுக்க டிராகன் பச்சை குத்தியிருக்கிறது. முதல் கூடைக்காரி மீனைச் சாக்கால் மூடுகிறாள்.

"போணி ஆகல தம்பி, அப்பறமா வாங்க." அவன் திரும்பியதும் எதிர்க்கூடை செல்வியிடம், "கையப் பாரு, ரவுடிப்பய. இவன் போணி பண்ணுனா இன்னிக்கி ஈதான் ஓட்டணும்" என்கிறாள்.

அது அவன் காதில் விழுகிறது. சட்டைக்கையை இறக்கிவிடுகிறான்.

"இங்கிட்டு வாங்க தம்பி" என்கிறாள் செல்வி. "பச்ச குத்துன கையில காசு செல்லாதா?" அவன் கொடுத்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சங்கரா மீனை நிறுக்கிறாள்.

"ராசி பார்க்க மாட்டீங்களா?" என்று, பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் நான் அவளிடம் கேட்கிறேன்.

"அவரு கையில என்ன வரைஞ்சிருக்குன்னு மீனு பாக்குமா சார்?"

செதில் உரசி வெட்டித் தரும்வரை அவன் நிற்கிறான். வியாபாரம் நடக்கும் கூடையைப் பார்த்து இன்னொருவர் வருகிறார், அவரைப் பார்த்து நாலு பேர். அவன் மீன் பைக்குள் போவதற்குள் செல்வியின் கூடை காலி.

ரவுடி என்று முடிவுகட்ட ஒரு டிராகன் போதுமாக இருந்தது. அதை மாற்றிக்கொள்ள ஒரு காலிக்கூடை போதுமாக இருக்கிறது.

"தம்பி! கைராசிக்காரரே!" முதல் கூடைக்காரி சாக்கை விலக்கிவிட்டுக் கத்துகிறாள். "எனக்கும் ஒரு போணி பண்ணிட்டுப் போங்க!"

சந்தையே சிரிக்கிறது. அவன் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, டிராகனை நீட்டிக்கொண்டு அவளிடம் போகிறான்.