பல் டாக்டரின் பழைய கேமரா

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் படம் எடுப்பது என் பிழைப்பு. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பட்டறைக்குப் போய், எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது, எது இந்த விபத்தில் வந்தது, எது போன வருடமே வந்தது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். கீறலுக்குள் துரு இருந்தால் பழசு. பழசுக்கு நிறுவனம் பொறுப்பில்லை. வண்டிக்காரர்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் கெட்டிக்காரர்கள். நான் சோற்றைக் கிளறுவதில் கெட்டிக்காரன். கதவில் கடுகளவு ஒடுக்கு விழுந்திருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். பட்டறைகளில் எனக்கு ‘ஒடுக்கு சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் அதை நான் ஏதோ பட்டம் வாங்கினவன் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

இருபத்து மூன்று வருடமாக இதே வேலை. இதில் ஒரு கிறுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வருடத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறவன் புகைப்படக் கலைஞன் இல்லாமல் வேறு யார் என்று நானே என்னைக் கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கறிக்கடைக்காரர் தன்னை அறுவை சிகிச்சை நிபுணர் என்று நினைத்துக்கொள்கிற மாதிரிதான் இது. என் மனைவி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எங்கள் வேலையில் படம் எடுக்க ஒரு முறை உண்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, கடைசியில் அடிபட்ட இடத்துக்குக் கிட்டப்போய் ஒன்று. இதில் ஒன்று குறைந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனாலும் என் கை இந்த முறையை விடாது. மகளின் பட்டமளிப்பு நாளன்று அவள் முதுகை நான் எடுத்த படத்தைப் பற்றி இன்றும் உறவுக்காரர்கள் விசாரிக்கிறார்கள். என் மச்சினன் ஒருமுறை எங்கள் ஆல்பத்தைக் கடைசிவரை புரட்டிவிட்டு, “மாமா, இதுல யாருக்கு எவ்வளவு நஷ்டஈடு கெடைச்சுது?” என்று கேட்டான்.

மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. இந்த வருடம் அவளைத் தலைமை ஆசிரியை ஆக்கினார்கள். பள்ளி நடைவழியில் இதுவரை தலைமை வகித்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அந்த வரிசைக்கு அவள் படத்தையும் கேட்டார்கள்.

“நான் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கறேன்” என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வீட்டுல ஒருத்தன் இருக்கேன். எவனோ எடுக்கணுமா?”

“சரி, எடுங்க. ஆனா இதுதான் கடைசி. இதுவும் ஆக்சிடெண்ட் ஆன மாதிரி வந்துச்சுன்னா, இனிமே உங்க கேமரா முன்னாடி நான் வந்து நிக்கவே மாட்டேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் எடுத்த எதையும் அவள் மாட்ட விட்டதில்லை. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் அந்தச் சுவர் கடைசிவரை காலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. கவலையாகவும் இருந்தது.

எனவே குறை என்னுடையதல்ல, கேமராவுடையது என்று முடிவு செய்தேன். அலுவலகம் என்றைக்கோ கொடுத்த, சோப்புப் பெட்டி அளவுக் கேமரா அது. பம்பரை அழகாக எடுக்கும், மனிதர்களையும் பம்பர் மாதிரியே எடுக்கும். இதைச் சொன்னபோது மனைவி, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளோ, “அப்பா, அம்மாவோட ஃபோன்லயே நல்லா வருமே” என்றாள். ஃபோனில் எடுப்பதெல்லாம் ஒரு படமா என்று அவளுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவள் நடுவிலேயே ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதிய பெரிய கேமரா என் சம்பளத்துக்கு எட்டாக்கனி. பத்துப் பன்னிரண்டு வருடம் புழங்கிய கேமரா என்றால் கைக்கு எட்டும். ஆனால் பழைய சாமான் விஷயத்தில் என்னை யாராவது ஏமாற்றினால் தொழிலுக்கே அவமானம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று கரையிலேயே பத்து வாரம் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு வேளையெல்லாம் கேமராவைப் பற்றிப் படித்தேன். நேரில் போய் நான்கைப் பார்த்தேன். ஒன்றில் பிடியின் ரப்பர் உரிந்திருந்தது. ஒன்றில் லென்ஸுக்குள் பூஞ்சை. ஒன்றின் ஷட்டர், ஓடித் தேய்ந்த லாரி மாதிரி இரண்டு லட்சம் தடவை அடித்திருந்தது. நான்காவதில் எந்தக் குறையும் இல்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். நான்காவதை விற்க வந்தவர், “சார், கேமரா வாங்க வந்தீங்களா, கேஸ் போட வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பள்ளியிலிருந்து இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்கள். மனைவி ஸ்டுடியோவின் முகவரிச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள், அவ்வளவுதான்.

ஐந்தாவது கேமரா ஒரு பல் டாக்டருடையது. நாற்பது வயதிருக்கும் பெண்மணி. நோயாளிகளின் வாயைப் படம் எடுக்கவே அதை வாங்கியிருந்தார். சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. அதைக் கேட்டதும், அட, இவரும் நம்ம ஆள்தான் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

“பன்னெண்டு வருஷமா இது பல்லைத் தவிர வேற எதையும் பாத்ததில்ல சார்” என்றார். “புதுசு வாங்கிட்டேன். ரெண்டு நாள் வீட்டுல வெச்சு எடுத்துப் பாருங்க. புடிச்சா வாங்குங்க, இல்லன்னா திருப்பிக் கொடுங்க.”

சனிக்கிழமை காலையில் மனைவியை ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

“சிரிக்கணுமா?”

“வேண்டாம். கொஞ்சம் இடது பக்கம் திரும்பு.”

“ரிவர்ஸ் எடுக்கணுமா?”

நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் ஒரு வாண்டு நாள்தோறும் தன் ஷூவை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. நாற்பது குழந்தைகளை அதட்டினால் யாருக்கும் கம்மத்தான் செய்யும். நாற்பது படம் எடுத்தேன். வலது ஓரம், இடது ஓரம், நடு என்று சட்டகத்தின் எல்லா மூலையிலும் அவளை வைத்து எடுத்தேன். லென்ஸைச் சோதிக்க அதுதான் வழி என்று படித்திருந்தேன்.

கணினியில் திறந்து பெரிதாக்கினால், ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காதோரம் நரைத்த இரண்டு முடி, ஷூ கதையைச் சொல்லும்போது சுருங்கிய கண்ணோரம், எல்லாம் இருந்தது. என் மனைவி இவ்வளவு அழகா என்று தோன்றியது. உடனே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் பழக்கம் விடுமா? கண் தானாகவே ஒடுக்கு தேடிப் போனது. கழுத்தின் கீழே, வலது பக்கத்தில், தோல் லேசாகப் புடைத்திருந்தது. அடுத்த படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் சோப்புப் பெட்டிக் கேமராவில் எடுத்த ஒரு படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் கழுத்து நேராக இருந்தது.

இருபத்து மூன்று வருட அனுபவம் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. லென்ஸ் வளைக்கிறது! பழைய கேமராவில் தெரியாத வீக்கம் இதில் தெரிகிறதென்றால் குறை எதில் இருக்கும்? கண்டுபிடித்த குதூகலத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விலையைப் பாதியாகக் குறைத்துவிடலாம். நான்கு படங்களை அச்சிட்டு, வீங்கின இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, ‘கண்ணாடி வில்லையில் பழைய சேதம்’ என்று முத்து முத்தாக எழுதினேன். அந்த நேரம் முழுக்க அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாலு அடி எடுத்து வைத்திருந்தால் அசலையே பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை டாக்டரின் மேஜையில் நான்கு படங்களையும் பரப்பினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு என் வாதத்தைத் தொடங்கினேன். அவர், நான் மூச்சு வாங்கின இடத்தில் கேமராவை வாங்கி, எதிரே இருந்த சதுர ஓடு பதித்த சுவரை ஒரு படம் எடுத்துக் காட்டினார். கோடுகள் அத்தனையும் நேராக இருந்தன.

“லென்ஸ் வளைக்கல சார்” என்றார். பிறகு என் படங்களைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். “இதுல இவங்க இந்த ஓரத்துல இருக்காங்க. இதுல நடுவுல. இதுல அந்த ஓரத்துல. கோளாறு லென்ஸ்ல இருந்தா படத்துல ஒரே இடத்துலதானே வரணும்? இது இவங்க கூடவே போகுது பாருங்க.”

நான் பார்த்தேன். என் சிவப்பு வட்டம் அவள் கூடவே போயிருந்தது.

“யார் சார் இவங்க?”

“வீட்டுக்காரம்மா.”

“முழுங்கறதுக்குக் கஷ்டப்படறாங்களா?”

எனக்குத் தெரியவில்லை.

“குரல் மாறியிருக்கா?”

கம்மின குரல் அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. “பள்ளிக்கூடத்துல கத்துறா...” என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.

“பயப்படாதீங்க. தைராய்டு கட்டியா இருக்கலாம், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா நாளைக்கே காட்டிடுங்க, தள்ளிப்போடாதீங்க” என்று ஒரு பெரிய மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்தார். அம்புக்குறி வரைந்த என் அறிக்கையை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கேமராவை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அவர் சொன்ன விலைதான். பேரம் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் திட்டுவீர்கள். கட்டி கெட்டது இல்லை. ஆனால் மூச்சுக்குழாயை நெருக்குகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். குரல் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறாள், நன்றாகவே என்னை அதட்டுகிறாள். பள்ளி நடைவழிக்கு அவள் கொடுத்தது அந்தச் சனிக்கிழமைப் படங்களில் ஒன்றைத்தான். கட்டி தெரியுமே என்றேன். “தெரியட்டும். ஷூ கதை சொல்லிட்டிருந்தேன், நல்லா வந்திருக்கு” என்றாள். இன்னொரு பிரதி எங்கள் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எந்த ஸ்டுடியோ என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்காகவே ஏங்கியிருப்பேன். இப்போது பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஏனென்றால், மருத்துவமனைக்குப் போன முதல் நாளே எனக்கு வேண்டிய அடி கிடைத்துவிட்டது. அங்கே பெரிய டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “ஒன்றரை வருஷம் இருக்கும் டாக்டர்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே வந்து ஸ்கேனுக்காகப் பெஞ்சில் காத்திருக்கும்போது கோபமாகவே கேட்டேன். “தெரிஞ்சுமா சும்மா இருந்த? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவள் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடில பாத்தப்போ மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நீங்க தெனமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறீங்க, ஒண்ணுமே சொல்லல. உங்க கண்ணுல படாதது எதுவும் கெடையாதே. நீங்களே ஒண்ணும் சொல்லலன்னா, அது ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தாள்.