பதில் வருமுன் இறங்கிய பிரஸ்

தங்கை புருஷனின் கைமேல் பிரஸ் இறங்கியபோது நான் அடுத்த மெஷினில் நின்றிருந்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி. இருவருக்கும் கட்டிங்கில் வேலை. தோலை விரித்து, மேலே டை என்கிற இரும்பு வெட்டச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால் பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏறும். அன்றைக்கு ஏறியதும் டையை எடுக்கக் கை நீட்டினான். யாரும் அமுக்கவில்லை. மறுபடி இறங்கியது.

அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான். விரல்கள் தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தன. அப்புறம்தான் விழுந்தான்.

வேனில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினோம். தையல் பகுதியில் இருந்த தங்கையும் கூடப் போனாள். வேன் கேட்டைத் தாண்டவில்லை, சூப்பர்வைசர் தரையிலிருந்து ஒரு தோல் வாரை எடுத்துக் காட்டினான்.

"பாரு. ஒரு பட்டன வார் போட்டுக் கட்டி வச்சிருக்கான். இன்னொன்ன முழங்கையில இடிச்சிருக்கான். மெஷின் இன்னா பண்ணும்?"

அந்தத் தரையில் வார் கிடக்காத இடம் கிடையாது.

"அவன் கட்டல. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"நீ அவன் மச்சான். வேற இன்னா சொல்லுவ?"

அடித்தேன். அவன் பல் உதட்டைக் கிழித்தது. செக்யூரிட்டி இரண்டு பேர் என்னைத் தள்ளி மிதித்தார்கள். மேனேஜர் வந்து விலக்கினார். தப்பு மச்சானுடையது என்று ஆகிவிட்டால் வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாது. மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சோதிக்கலாம் என்றார் மேனேஜர். அதுவரை மெஷினை யாரும் தொடக்கூடாது.

மறுநாள் மதியம் ரிப்பேர்காரர் வாலாஜாபேட்டையிலிருந்து வந்தார். மெஷின் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டிமேல் மச்சானின் ஏப்ரன் அப்படியே கிடந்தது. மழை நாளில் ஏப்ரன் காயாது. அந்தப் பெட்டி எப்போதும் கதகதவென்று இருக்கும். நாங்கள் எல்லாரும் அதன்மேல்தான் போடுவோம். அதில் காற்றுப்போக்குக்கு ஓட்டை இருந்தது யாருக்கும் தெரியாது.

ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்து போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இந்தச் சிப்புதான் மெஷின ஓட்டுது. எத்தன தடவ இறங்கணும்னு பக்கத்து மெமரி சிப்பக் கேக்கும். பதில் வர துளி நேரம் ஆவும். எப்ப படிக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கு. போன மாசம் வேகத்த ஏத்தினேன். படிக்கிற நேரத்தத் தள்ளி வைக்கல. சூடு ஏறினா பதில் இன்னும் லேட்டு. பதில் வர்றதுக்கு முன்னாடியே படிச்சிடுது. ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

"ஏத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

ரிப்பேர்காரர் சூப்பர்வைசரைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

கட்டிங் ஆட்கள் ரிப்பேர்காரர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். கன்னத்தில் இரண்டு விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"அடிங்க. வாங்கிக்கிறேன். போர்ட மட்டும் தொடாதீங்க. இது இப்ப இருக்கிற மாதிரியே இருந்தாதான் காட்ட முடியும். ஒடஞ்சா கை நசுங்கினவருக்கு வேற சாட்சி கெடையாது."

அந்நேரம் தங்கை வந்தாள். வேலூரிலிருந்து நேராக. புடவையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "மூணு விரல எடுத்துட்டாங்கணா" என்றாள். அவர் சொன்ன எதையும் அவள் கேட்டிருக்கவில்லை. திறந்த பெட்டியைத்தான் பார்த்தாள். டை தட்டுகிற சுத்தியலை எடுத்து ஓங்கிவிட்டாள்.

பேச நேரமில்லை. கையைக் குறுக்கே வைத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஐயோ அண்ணா!"

"போர்டு இருக்கா பாரு."

இருந்தது.

ரிப்பேர்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினார். மேலே ஏப்ரனைப் போட்டார். என் கையைத் துண்டால் கட்டிவிட்டு, சூடேறும்வரை காத்திருந்தோம். டை வைத்து, மேனேஜரையே பட்டனை அமுக்கச் சொன்னார். இறங்கியது, ஏறியது. திரும்பத் திரும்ப அமுக்கினார். ஒழுங்காகத்தான் ஓடியது. சூப்பர்வைசருக்கு முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு தடவை, மேனேஜர் கையை எடுத்த பிறகு, பிரஸ் தானாக இறங்கி டையை மறுபடி அமுக்கியது. மேனேஜர் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டார்.

படிக்கும் நேரத்தைச் சிப்பின் கணக்கில் அரைத் துடிப்பு தள்ளி வைத்தார் ரிப்பேர்காரர். அதே சூடு, அதே ஏப்ரன். சாயங்காலம்வரை ஆள் மாற்றி ஆள் அமுக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் இறங்கியது.

வைத்தியம் கம்பெனிப் பொறுப்பு, வேலையும் இருக்கும் என்றார் மேனேஜர். சூப்பர்வைசரைப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு போட்டு மச்சான் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"தானா இறங்குச்சா மச்சான்?"

"இறங்குச்சி."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"மேனேஜரே அமுக்கினாரு."

கண்ணை மூடிக்கொண்டான். தங்கை இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"ரெண்டு எருமைக்கும் நானே ஊட்டணும். வாயத் தொறங்க."

திறந்தோம்.