முத்துச்செல்வியின் சான்றிதழ்கள்

பசுவந்தனை ரோட்டில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது துறையின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. எங்கள் இயந்திரவியல் துறையின் உதவிப் பேராசிரியர் முத்துச்செல்வி திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவாம். முந்தின வெள்ளிக்கிழமை என்னோடு டீ குடித்தவர். நிறுத்தம் வந்தும் நான் இறங்கவில்லை. கண்டக்டர்தான் தோளைத் தட்டினார்.

அவரிடம் படித்தவர்களுக்கும் உடன் வேலை பார்த்தவர்களுக்கும் அந்தக் காற்றுச் சுரங்க அறை மறந்திருக்காது. பெரிய விசிறி ஒன்று காற்றை இழுக்க, நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் சிறகின் மாதிரியை வைத்துச் சோதிப்போம். வெளிக்காற்று புகுந்தால் அளவு பிசகும் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார். சித்திரை வெயிலில் அங்கே அரைமணி நேரம் நின்றால் எனக்கு மூச்சு முட்டும். அவர் பதினோரு வருஷம் நின்றார்.

மாணவர்கள் போட்டிக்காகக் கட்டிய பந்தயக் காரைச் சொல்ல வேண்டும். விமானத்தின் சிறகு அதை மேலே தூக்கும். அதையே தலைகீழாகக் காரில் பொருத்தினால் வண்டியைத் தரையோடு அழுத்தும், வளைவில் சறுக்காது. பின்சிறகில் இரண்டு தகடுகள், நடுவில் விரல் நுழையாத சந்து. புழுதி பறக்கும் ஊர்க்காரர்கள் இல்லையா, இடைவெளியைக் கண்டால் அடைக்கத்தான் கை போகும். சோதனைக்குச் செய்த மாதிரியிலும் மாணவர்கள் அந்தச் சந்தைப் பட்டி மாவால் அடைத்து வழவழவென்று பூசிவிட்டார்கள். நானும் அருமை என்றேன். முத்துச்செல்வி சிறகின் அடிப்பக்கம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி விசிறியைப் போட்டார். பின்தகட்டில் நூல்கள் தாறுமாறாகச் சுழன்றன.

"காத்து சிறகை விட்டுப் பிரிஞ்சிருச்சு சார். இந்தச் சந்து வழியா வார காத்துதான் அதை ஒட்டிப் போக வைக்கும்" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து பட்டியைச் சுரண்டினார். மறுபடி ஓட்டியபோது நூல்கள் வரிசையாகப் படுத்தன. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

அந்தச் சோதனைக் குறிப்புகளைப் பார்த்துத்தான் கோயம்புத்தூரில் பந்தயக் கார் சிறகு செய்யும் நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. பத்து நாளில் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அசல்களோ, எங்கள் எல்லாருடையதையும் போல, கல்லூரி அலுவலக பீரோவில் இருந்தன. சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள். நடு வருஷத்தில் தரமாட்டார்கள். நான் துறைத்தலைவர் என்பதால் முதல்வரிடம் பேசச் சொன்னார்.

"நீங்க சொன்னா அவிய கேப்பாவ சார்."

போனேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதல்வர் அறையில் கால்மணி நேரம் உட்கார்ந்து தேர்வு அட்டவணையைப் பற்றி மட்டும் பேசினேன். என் சான்றிதழ்களும் அதே பீரோவில்தான். ஐம்பது வயதில் அவரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று பயம். வெளியே வந்து, முதல்வர் முடியாது என்றுவிட்டதாகச் சொன்னேன்.

"பரவால்ல சார். எனக்காகப் போய்க் கேட்டீங்கல்லா, அது போதும்" என்றார் முத்துச்செல்வி. அப்புறம் காற்றுச் சுரங்க அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய கணவர் கல்லூரிக்கு வந்தார். ஒரே ஒரு கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் பீரோவைத் திறந்துவிட்டார்கள். சான்றிதழ் உறையை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ஒருத்தர்தான் அவளுக்காகப் பேசுனீங்கன்னு வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பா சார்."

முத்துச்செல்வியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நன்றிதான். திருப்பிக் கொடுக்க ஆளில்லை.