தண்ணீர் தொடாத அரசி

எங்கள் கரையில் பாட்டும் வசனமும் எழுதிய கூத்துக் கொப்பி எப்போதும் ஆண்களின் கையில்தான் இருந்தது. கோயில் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆட்களைக் கூப்பிட்டு, ராசா யார், மந்திரி யார் என்று பிரித்துக் கொடுப்பார். ராணி வேடமும் மீசை மழித்த ஒருவனுக்குத்தான் போகும். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், அதற்குமேல் எழுத்துக்கூட்டிக் கொஞ்சம் வாசிப்பேன். ஆனால் ஒரு கதையை மாதக்கணக்கில் நூல் அறாமல் கொண்டுபோக அந்த அண்ணாவியாராலும் முடியாது, என்னால் முடியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதனால் மீன் பிளந்து காயவைக்கிற கருவாட்டு வாடியில் நாங்கள் எங்களுக்கென்று ஒரு கூத்து வைத்திருந்தோம். பாட்டில்லை, வேடமில்லை, வாய் மட்டும்தான். ஐந்து பெண்கள், ஒருத்திக்குக் கதையில் ஓர் ஆள். மீன் கடகம் யாருக்கு முன்னால் இருக்கிறதோ அவள் சொல்லவேண்டும். தன் பங்கு மீனைப் பிளந்து உப்புப் போட்டு முடித்துக் கடகத்தைத் தள்ளினால், கதையும் அடுத்தவளிடம் போய்விடும். அடுத்தவளின் ஆளுக்காக நாங்கள் பேசக்கூடாது. அவளைக் கேளாமல் அவளுடைய ஆளைக் கொல்லக்கூடாது. ஒருமுறை சொன்னதைத் திரும்ப எடுக்கவும் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் நான் போட்டது.

என் ஆள் ஓர் அரசி. அம்பு அவளிடம் வந்தால் திரும்பிப் போகும். நெருப்பு அவளுக்குக் குளிரும். பாம்பு கடித்தால் பாம்புதான் சாகும். ஒருநாள் மற்றவர்கள் சேர்ந்து அவளை ஆற்றில் தள்ளிவிடப் பார்த்தார்கள். தண்ணீர் அவளைத் தொடாது, அவள் கால் வைக்கிற இடத்தில் விலகி நிற்கும் என்று நான் சொல்லிவிட்டேன். என் தம்பியின் பெண்சாதி, எனக்கு மச்சாள், வாய்க்காரி, அவளுடைய ஆள் ஒரு கள்ளன். அவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"மச்சாள், உங்கட அரசிக்கு ஒரு தடிமன், தும்மலாவது வராதோ?"

வராது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்களில் இளையவள் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. முள்ளிவாய்க்கால் பக்கம் எங்கள் சாதிசனத்தில் ஒருவனைக் கட்டி, ஞானஸ்நானம் பெற்று, மீன் வெட்டப் பழகியவள். அவளுடைய ஆள் ஓர் ஓடக்காரன். அவனுக்கு ஒரு வித்தையும் தெரியாது. ஆட்களை ஏற்றுவான், இறக்குவான், வெற்றிலை போடுவான். அவனைப் பற்றிச் சொல்லும்போது அவளுடைய முகம் தெளிந்திருக்கும். தான் கட்டிய மனிசனைப் பார்த்துத்தான் அவனைச் செய்தாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் அதைக் கேட்பதில்லை.

தொண்ணூற்று நாலாம் வருசம், சோளகம் தொடங்கியிருந்த நேரம். அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றால் வள்ளத்தை வெளியே கொண்டுபோய்விடும். யுத்தத் தடையால் மண்ணெண்ணெய்க்குத் தவம் கிடந்த காலம், எஞ்சினுக்குச் சாமான் கிடைக்காத காலம். முதல்நாள் பின்னேரம் போன வள்ளங்கள் விடியக் கரைக்கு வந்துவிட்டன. அந்தப் பிள்ளையின் மனிசனும் அவனுடைய தமையனும் போன வள்ளம் மட்டும் வரவில்லை. விடியப்புறம் தூரக் கடலில் வெடிச் சத்தம் கேட்டதாக ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். நாங்கள் கேட்டும் கேளாததுபோல இருந்தோம். வள்ளம் பிந்தினால் அதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பது எங்கள் கரையின் வழக்கம். கடலில் ஆள் நிற்கும்போது கிணற்றில் வாளி மூழ்கினாலும் 'தாண்டது' என்று சொல்லமாட்டோம், 'கீழே போனது' என்போம். வேலையைத் தொடங்கினால் நேரம் போகும் என்று அந்தப் பிள்ளையும் வந்து இருந்தாள்.

கடகம் அவளிடம் வந்தது. என் அரசி ஆற்றங்கரையில் நின்றாள். அவளுடைய ஓடக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அரசியெண்டாலும் வரிசையில நில்லுங்கோ," என்று அவனுக்காகச் சொன்னாள்.

என் மச்சாள் சிரித்த சிரிப்பில் உப்புச் சட்டி சரிந்தது. அடுத்த கடகம் என்னுடையது. எனக்குக் கண் தெரியாத கோபம். அரசி கையை உயர்த்தினாள், ஆறு எழும்பியது, ஓடம் கவிழ்ந்தது, ஓடக்காரன் தாண்டுபோனான் என்றேன். கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மாமி, அவனுக்கு நீந்தத் தெரியும்."

"காலில வலை சுத்திப்போட்டுது. நீந்த ஏலாது," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் வாடிக்குள் ஒரு கத்திச் சத்தமும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் ஓலைக் கிடுகு இடுக்கால் கடலைப் பார்த்தாள். கடலில் ஒன்றுமில்லை.

பத்து மணியானது. ஒருவரும் கதை சொல்லவில்லை. கடகம் மட்டும் சுற்றியது. பதினொரு மணிக்குக் காற்று இன்னும் ஏறியது. வாடியின் கிடுகுகள் அடித்துக்கொண்டன. ஆண்கள் கரையில் கூடி நின்று, தேடிப் போக எந்த எஞ்சினில் எவ்வளவு எண்ணெய் கிடக்கிறது என்று பார்த்தார்கள். போதாது என்று அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

மச்சாள் என் பக்கம் சரிந்து, சொன்னதைத் திருப்பி எடுக்கச் சொன்னாள். ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது, அவன் பிடித்துக்கொண்டான் என்று நானும் தொடங்கினேன். அந்தப் பிள்ளை தலையை ஆட்டினாள். பயம் வந்தால் அவளுக்கு மலைநாட்டுப் பேச்சு திரும்பிவிடும்.

"வேணாம் மாமி. சும்மா சொன்னா அது பொய்யாப் போயிடும். சொன்னது சொன்னதுதான்னு நீங்கதானே சொன்னீங்க."

மரக்கட்டையை அங்கேயே விட்டேன். என் சட்டத்தை என் முகத்துக்கு நேரே ஒருவரும் அதுவரை பிடித்ததில்லை. கதைதானே என்று யாராவது சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. கடலில் ஆள் நிற்க, ஆளைத் தாழ்த்தி வாய் வைத்தவள் நான். அப்படிச் சொன்னதற்குச் சும்மா இன்னொரு சொல் போதாது, ஏதாவது கொடுக்கவேண்டும் என்று எனக்கு நெஞ்சில் பட்டது. கொடுக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான்.

கடகத்தை என் முன்னால் இழுத்தேன். அரசி ஆற்றில் இறங்கினாள் என்றேன். இறங்கினாள், ஆனால் தண்ணீர் விலகி நின்றது. அவள் போகப் போக அதுவும் விலகிப் போனது. ஓடக்காரன் ஆழத்தில் கிடந்தான். ஆழம் அவளை உள்ளே விடவில்லை. நான் போட்ட வேலி. அம்புக்கும் நெருப்புக்கும் பூட்டிய கதவெல்லாம் எனக்கே பூட்டிக் கிடந்தது. என் கையிலிருந்த மீனைப் பிளக்க மறந்து எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

பிறகு சொன்னேன். அரசி தண்ணீரைக் கும்பிட்டாள். அவள் அதுவரை ஒருவரையும் கும்பிட்டதில்லை. என்னை நனை என்று கேட்டாள். தண்ணீர் அவளை நனைத்தது. கீழே போய் அவனுடைய காலில் கிடந்த வலையைக் கழற்றினாள். கழற்றிய வலை அவளுடைய காலில் சுற்றியது. அவள் மேலே வரவில்லை.

"அரசி செத்துப் போனா," என்றேன். குரல் எனக்கே வேறு ஆளின் குரல்போலக் கேட்டது.

அந்தப் பிள்ளை கேட்டாள்: "அவன் காலு கழண்டிருச்சா?"

"ஓம் பிள்ளை."

"மேல வந்துட்டானா?"

"அதை நான் சொல்ல ஏலாது. அவன் உன்ர ஆள்."

கடகத்தை அவளிடம் தள்ளினேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். மீனில் இலையான் மொய்த்தது. ஒருவரும் விரட்டவில்லை.

மூன்று மணி போல ஒருவர் கரையிலிருந்து கை காட்டினார். தெற்கே, கரையை ஒட்டி ஒரு வள்ளம். பாய்போல ஏதோ ஒன்று அதில் நின்றது. கிட்ட வரத்தான் தெரிந்தது, உடுத்திருந்த இரண்டு சாரத்தைச் சேர்த்துக் கட்டி மரக்கோலில் ஏற்றியிருந்தார்கள். எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. விடியும்வரை துடுப்பு வலித்து, தோள் விட்டுப்போன நிலையில் இருவரும் தெற்கே தூரத்தில் கரை பிடித்து, பிறகு கரையோரமாகப் பாயில் வந்திருந்தார்கள். வெடிச் சத்தம் வேறெங்கோ கேட்டதாம். அந்தப் பிள்ளையின் மனிசன் தண்ணீர் கேட்டான். அவள் கொடுத்தாள். அவனை அடிக்கப் போவதுபோலக் கையை ஓங்கிவிட்டு, அந்தக் கையாலேயே அவனுடைய தலையில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்தாள்.

அடுத்தநாள் காலை அவள் வாடிக்கு வந்து, நேரே என் முன்னால் இருந்த கடகத்தை இழுத்தெடுத்தாள்.

"அவன் மேல வந்து மூச்சு விட்டான். கரையில ஏறி வெத்திலை போட்டான்," என்றாள். பிறகு மீனைப் பிளக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகுதான் என்னைத் தேற்ற வெளிக்கிட்டார்கள். அரசிக்கு ஒரு முனிவரைக் கொண்டு வருவோம், மூலிகை கொடுப்போம், எழுப்புவோம் என்றார்கள். வாய்க்காரி மச்சாளே கேட்டாள். ஓடக்காரன் போய்த் தூக்கி வரட்டும் என்று அந்தப் பிள்ளையும் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். பெருமை பிடித்தவள், தன் சட்டத்தை விடமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அன்று காலை அந்த மனிசன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டு கரையில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். மறுநாள் அவன் திரும்பவும் கடலுக்குப் போகப் போகிறான். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவன் போகிறதைப் பார்த்து நிற்க எனக்குத் துணிவு இல்லை.

மச்சாள் தன் கள்ளனுக்கு ஒரு தமக்கையை உண்டாக்கி எனக்குத் தந்தாள். மோர் விற்கிறவள். முதல் கிழமையே அவளுக்குத் தடிமன் பிடித்தது. என்னைக் கேட்டுவிட்டு அந்தத் தடிமனைக் கொடுத்தவள் மச்சாள்தான். தும்மிக்கொண்டே மோர் விற்றேன்.

அந்த மனிசன் இப்போதும் கடலுக்குப் போகிறான். ஆகவே அரசி அங்கேயே கிடக்கிறாள்.