நிலைப்படியில் கட்டெறும்பு

விடிந்ததும் கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்தால், நிலைப்படி ஓரம் ஒரு சிட்டிகை மரத்தூள் கிடக்கும். பெருக்கித் தள்ளினால் மறுநாள் இரண்டு சிட்டிகை. மூன்றாவது வாரம் ஒரு கட்டெறும்பைக் கையும் களவுமாகப் பிடித்தேன். நிலையின் விரிசலிலிருந்து தூளைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, கொட்டிவிட்டு, வந்த வழியே உள்ளே போனது. வீட்டுக்காரியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மகளுக்கு எட்டாம் மாதம். ஐயப்பன்தாங்கலில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு எங்களிடம்தான் வரவேண்டும். போன முறை வந்திருந்தபோது ஒரு கட்டெறும்பு அவள் குதிகாலைக் கடித்து ரத்தமே வந்துவிட்டது. போனில் ஒன்றுதான் கேட்டாள். "குழந்தைய எங்கம்மா படுக்க வைப்ப?" பிரசவத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சம்பந்தியம்மா வேறு இனிக்க இனிக்கப் பேசத் தொடங்கியிருந்தார். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

பாரிவாக்கத்தில் எங்களைச் சுற்றியிருந்த மனைகள் எல்லாம் வீடாகிவிட்டன. மரங்கள் மிஞ்சியது எங்கள் பதினைந்து சென்டில்தான். எல்லாம் என் கணவர் வைத்தவை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலேயே மனையை வாங்கிப் போட்டு, ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி, கேனில் தண்ணீர் சுமந்து வந்து மாங்கன்றுக்கு ஊற்றினார். வீடு அதற்கப்புறம்தான் வந்தது. குடிவந்த பிறகும், வெள்ளிக்கிழமைகளில் நான் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசி முடித்ததும், பக்கெட்டில் மிஞ்சிய தண்ணீரை அந்த மாமரத்துக்கு எடுத்துப் போவார்.

எறும்புக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. சாக்பீஸ் கோடு போட்டேன், மண்ணெண்ணெய் விட்டேன், பெருங்காயத்தைக் கரைத்து ஊற்றினேன். ஆத்திரம் தாங்காமல் ஒருநாள் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை விரிசலில் சாய்த்தேன். இரண்டு நாள் அடங்கியிருந்து, பிறகு முன்னைவிட அதிகமாக வந்தன. நிலையில் காதை வைத்தால் உள்ளே மொறுமொறுவென்று சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். சோறு இறங்கவில்லை.

வரிசை எங்கே போகிறது என்று ஒரு மத்தியானம் பின்தொடர்ந்தேன். சுவரேறி, சன்ஷேடில் சாய்ந்திருந்த கிளை வழியாக மாமரத்துக்குப் போனது. அவ்வளவுதான், மரத்தை வெட்டியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிளையை மட்டும் கழித்துவிடலாமே என்றார் கணவர். உங்களுக்குப் பேரப்பிள்ளை பெரிதா, மரம் பெரிதா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மறுநாள் அவரே மரம் அறுக்கிறவரை அழைத்து வந்து காட்டிவிட்டு, காய்கறி வாங்கப் போவதாகப் பூந்தமல்லிக்குப் போய்விட்டார். திரும்பியபோது மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. பையில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை.

அறுத்த மரத்தில் ஓட்டை இல்லை, புற்று இல்லை. நடுத்தண்டு மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. எனக்குள் ஏதோ இடறியது. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் நிலைப்படியோரம் ஒரு பிடி மரத்தூள் கிடந்தது.

கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு கார்ப்பெண்டரை வரச் சொன்னோம். அவர் படியின் மூலையில் உளியை வைத்தார். வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. பெயர்த்த கட்டைக்குள் கறுப்பாகக் கொப்பளித்தது, நூற்றுக்கணக்கில், வெள்ளை முட்டைகளோடு. அவர் கட்டையைப் பிழிவது போல அழுத்திக் காட்டினார்.

"இன்னாம்மா, இதுல தண்ணி ஊத்திகினே இருந்தீங்களா? அடியில பூரா ஊறிப் போயி கீது. காஞ்ச கட்டைன்னா இது அண்டாது. ஈரத்துலதான் ஊடு கட்டிகினு கீது."

மரத்துக்கு ஏன் போனது என்று கேட்டேன். தீனிக்குப் போயிருக்கும் என்றார்.

கிரகப்பிரவேசத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை நான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவினேன். வீடு நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் கழுவினேன். பக்கத்தில் நின்ற கணவர் எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கார்ப்பெண்டருக்கு டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மரப் படியை அறுத்தெடுத்துக் கருங்கல் படி வைத்தோம். எறும்பு நின்றது. மகள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, கல்லில் தாராளமாகத் தண்ணீர் விடலாம் என்று தெரிந்தும் கை வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து மஞ்சள் மட்டும் வைத்தேன். அவர் வழக்கம்போல வாசலுக்கு வந்து, "தண்ணி மிச்சம் இருக்கா?" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. காலிப் பக்கெட்டை எடுத்துக் குழாயடியில் நிரப்பி, தூக்கிக்கொண்டு போய், வெட்டிய அடிமரத்தில் ஊற்றினார்.