நாலு பேராக நடந்தவர்

உருண்டை அண்ணன்னுதான் பேரு, ஆள் என்னமோ ஒட்டடைக்குச்சி. எங்க நடை ஆய்வுக்கூடத்துக்கு வர்றவங்க உடம்புல கோலிக்குண்டு அளவு பளபள உருண்டைகளை ஒட்டுறது அவர் வேலை. அதனால அந்தப் பேர். இடுப்பு முனை, முட்டியோட வெளிப்பக்கம், கணுக்கால், குதிகால்னு விரலால தடவி எலும்பைக் கண்டுபிடிச்சு ஒட்டுவார். சுவர்ல இருக்கிற எட்டு கேமராவும் அந்த உருண்டைகளை மட்டும்தான் பார்க்கும். அதை வெச்சு நான் கம்ப்யூட்டர்ல ஒரு எலும்புக்கூட்டை நடக்க விடுவேன். உருண்டை ஒரு விரற்கடை தள்ளிப்போனா என் எலும்புக்கூடு நொண்டும். இருபது வருஷத்துல அவர் கை ஒருநாளும் தப்புனதில்ல.

"தரையைப் பார்க்காதீங்க. கடைக்குப் போற மாதிரி சும்மா நடங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவார். கால் அழுத்தத்தை அளக்கிற தட்டு ஒண்ணு தரைக்குள்ள பதிச்சிருக்கு. அது எங்க இருக்குன்னு தெரிஞ்சா யாருக்கும் இயல்பா நடக்க வராது.

ஒருத்தர் நடையில கோளாறு இருக்கான்னு சொல்லணும்னா, கோளாறு இல்லாதவங்க எப்படி நடக்கிறாங்கன்னு முதல்ல தெரியணும் இல்லையா? கூடம் தொடங்கின புதுசுல, நல்லா இருக்கிற பத்து பேரை நடக்க வெச்சு, அந்த அளவுகளை வரைபடத்துல ஒரு சாம்பல் நிறப் பட்டையா வரைஞ்சு வைக்கச் சொன்னார் எங்க தலைவர். வந்தது ஆறு பேர். மறுநாள் கெடு. அண்ணன் சட்டையைக் கழட்டினார். "எனக்கு என்ன குறைச்சல்? எழுதிக்கோம்மா"ன்னு ஏழு, எட்டு, ஒன்பது, பத்துன்னு நாலு எண்ணுலயும் அவரே நடந்தார். நான் வேற வேற வயசு போட்டு, சிரிச்சுக்கிட்டே எழுதினேன். அன்னைக்கு யாராவது என் கன்னத்துல ஒண்ணு விட்டிருக்கணும். பட்டைக்குள்ள விழுந்தா நல்ல கால், வெளிய போனா கோளாறு. அதுதான் எங்களுக்கு வேதவாக்கு ஆச்சு.

அவருக்கு ஒரே மகள். சரக்குக் கிடங்குல ஏணி ஏறி மேல்தட்டுல பெட்டி அடுக்குற வேலை. ஒருநாள் நேரா எங்க கூடத்துக்கே வந்து என்கிட்ட கேட்டா.

"அத்தை, கொஞ்ச நாளா வலதுகால் கட்டைவிரல் தரையில தட்டுது. ஏணியில நிக்கவே பயமா இருக்கு. வேலையை விட்டுடவா?"

அண்ணன் தன் கையாலயே அவளுக்கு உருண்டை ஒட்டினார். நடந்தா. பாதம் தூக்குற அளவு பட்டையோட கீழ் ஓரத்துல வந்துச்சு, ஆனா உள்ளதான். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு.

"பாத்தியா, எல்லாம் மனப்பிரமை. அப்படியே என் நடைடி உனக்கு! போ, தைரியமா ஏறு."

ஏறினா. மூணாவது மாசம் பத்தாவது படியில கால் தட்டி, சிமெண்ட் தரையில விழுந்தா. இடுப்பெலும்பு நொறுங்கிடுச்சு.

ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டர் அவ பாதத்தை அழுத்திப் பார்த்தார். அப்புறம் பக்கத்துல நின்ன அண்ணனைப் பார்த்து, "நீங்களும் செருப்பைக் கழட்டுங்க. விரலைத் தூக்கிட்டு குதிகால்ல நில்லுங்க"ன்னார். அண்ணனால நிக்க முடியல. கட்டிலைப் பிடிச்சுக்கிட்டார்.

பரம்பரையா வர்ற நரம்புக் கோளாறாம். ரொம்ப மெதுவா வளருமாம். அண்ணனுக்கு வாலிபத்துலயே லேசா தொடங்கியிருக்கும்னார் டாக்டர். குணப்படுத்த மருந்து இல்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்தப் பொண்ணை ஏணிப் பக்கமே விட்டிருக்க மாட்டேன்னு சொன்னார்.

மறுநாள் காலையில அண்ணன் என் மேசைக்கு வந்தார். "அந்த நாலு பேரை எடுத்துட்டு பட்டையை வரைம்மா"ன்னார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது நாங்க ரெண்டு பேரும்தானே. எடுத்தேன். மிச்சம் ஆறு பேர். பட்டை மேல போச்சு. மகளோட கோடு அதுக்கு வெகு கீழ தனியா கிடந்துச்சு. அண்ணன் திரையையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் தலைவர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னார். இத்தனை வருஷமா அந்தப் பட்டையை வெச்சு நாங்க நல்ல கால்னு அனுப்பினவங்க எல்லாருக்கும் கடிதம் போகணும்னு முடிவாச்சு. எத்தனை பேரோ தெரியல.

"அவளுக்கு மட்டும் சொல்லாதீங்கண்ணே, தாங்க மாட்டா"ன்னு கெஞ்சினேன். கேக்கல மனுஷன். அன்னைக்கே என்னையும் கூட்டிக்கிட்டுப் போய், கட்டில் பக்கத்துல நின்னு ஒண்ணு விடாம சொன்னார்.

அவ அழல, கத்தல. "நான் நடந்தப்ப நீங்க என் காலைப் பாத்தீங்களாப்பா, கம்ப்யூட்டரைப் பாத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

அண்ணன் திரும்பி வெளிய நடந்தார். நீளமான வராந்தா, ஆள் நடமாட்டம் இல்ல. அவர் வலதுகால் கட்டைவிரல் அடிக்கு அடி தரையில தட்டுற சத்தம் எனக்குத் தெளிவா கேட்டுச்சு. இருபது வருஷமா பக்கத்து மேசையில உக்காந்து நான் தினம் கேட்ட சத்தம்தான்.